லோகா போல் வாசலில்

ஜோத்பூரில் நாங்கள் தங்கிய ஹவேலியின் (பழைய மாளிகை வீடு) உரிமையாளரை ஆட்டோக்காரர் 'ஹுகும்' என்றுதான் கூப்பிட்டார், நம்மூர் 'எஜமான்' மாதிரி. ஆட்டோக்காரருக்குத்தான் வயது அதிகம். ஹுகும் ராத்தோர் குலத்து ராஜபுத்திரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா ஜாகிர்தாராம், அதாவது மன்னர் கொடுத்த நிலத்துக்குச் சொந்தக்காரர். 1952-இல் ஜாகிர் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜோத்பூரைச் சுற்றிய மார்வாரில் நிறைய நிலம், அதை உழுத ஜாட் சாதி விவசாயிகள் கைக்குப் போனது. "எங்களுக்கு மீசைதான் மிச்சம்" என்று அவரே சிரித்தார். மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பு ஓடுகிறது. ராத்திரி லால் மாஸ் என்ற சிவப்பு ஆட்டுக்கறிக் குழம்பு போட்டார். மத்தானியா மிளகாயின் சிவப்பைப் பார்த்துப் பயந்தேன். வாயில் வைத்தால் நம்மூர்க் காரத்துக்கு அருகில்கூட வரவில்லை.

மறுநாள் மெஹ்ரான்கட். 1459-இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை. யானை முட்டாதபடி கதவில் முள் அடித்திருக்கும் 'லோகா போல்' (இரும்பு வாசல்) வாசலில்தான் கால் நின்றது. பக்கத்துச் சுவரில் சின்னச் சின்ன உள்ளங்கைப் பதிவுகள், குங்குமம் பூசியவை. 1843-இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது சிதையேறப் போன அவர் மனைவிமாருடையவை. பிரிட்டிஷ் பகுதிகளில் சதி என்ற உடன்கட்டை ஏறும் வழக்கம் 1829-லேயே தடையாகிவிட்டது; சமஸ்தானத்தில் அது செல்லவில்லை. வந்தவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் மகள் தன் கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்டப் பொருந்தியது. எடுடி என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவளுக்குப் பன்னிரண்டு வயது. 1987-இல் இதே மாநிலத்துத் தேவராலாவில் கணவன் சிதையில் எரிந்துபோன பெண்ணுக்குப் பதினெட்டு. அதைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில் வாள் பிடித்த ராஜபுத்திர இளைஞர்களும் இருந்தார்கள்.

கோட்டைக்குள் இன்னொரு நினைவுக் கல்லும் உண்டு. அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ராஜாராம் மேக்வாலுக்கு. மேக்வால் என்பது அங்கே ஒரு தலித் சாதி. கோட்டைமேல் இருந்த சாபம் நீங்க ஒரு உயிர் வேண்டியிருந்ததாம். வாரிசுகளுக்கு நிலம் கொடுத்தார்களாம். சாயங்காலம் ஹுகுமிடம் கேட்டேன். "அவராகவே முன்வந்தார்" என்றார். தயக்கமே இல்லை.

ஸ்டேஷனுக்குப் போகும்போது ஆட்டோக்காரரிடமும் அதையே கேட்டேன். தானும் மேக்வால்தான் என்றார். "முன்வந்தாரா என்று யார் கேட்டார்கள்?" அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனதும், போன வருடம் தம்பி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையேறிப் போனதைச் சொன்னார். அவர்கள் ஊரில் அவர்கள் சாதியில் அதுதான் முதல் தடவை. முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒன்று.