ஆறு சக்கரத்துக்கும் ஒரே பிரேக்

பிரேக் பெடல் தரையில் போய் உட்கார்ந்துகொண்டபோது வண்டி நடை வேகத்தில்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், இன்ஜினை நிறுத்தும் கேபிளைப் பிடுங்காத குறையாக இழுத்தேன். ஷெட் சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கையில் நின்றது. ஏறக்குறைய ஆறு டன் இரும்பு. இறங்கி ஐந்து நிமிஷம் படிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டி எம்35ஏ2. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட இரண்டரை டன் லாரி. இரண்டரை டன் என்பது காடுமேட்டில் ஏற்றுவதற்குச் சொன்ன கணக்கு. நல்ல சாலையில் அதைவிட இரண்டு மடங்கு சுமக்கும். நான்கு வருஷமாக என்னிடம் இருக்கிறது. பகலில் கணக்குப் பார்ப்பவன் நான். ஸ்பானர் பிடிக்கக் கற்றதே இது வந்த பிறகுதான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், டீசல், மண்ணெண்ணெய், ஜெட் விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் எனக் கொடுத்ததைக் குடிக்கும். டர்போ வேறு விசிலடிக்கும். ஆனால் அந்த இன்ஜின் எனக்கு வைத்த வேலை கொஞ்சம்தான். ஆயில் மாற்றினால் சுமார் இருபது லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் குடுவைகளின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் அதில் பாதி தரையில் கிடக்கும். அவ்வளவுதான். என் சனிக்கிழமைகளைத் தின்றதெல்லாம் ரப்பர். ராணுவத்தில் ஓடிக்கொண்டே இருந்த வண்டி, அட்டவணைப்படி பிரித்து மாட்டப்பட்ட வண்டி, பிறகு வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் சும்மா நின்றிருக்கிறது. இரும்பு அப்படியே இருக்கிறது. சீல், ஹோஸ், வாஷர், கப் என்று ரப்பரில் செய்த ஒவ்வொன்றும் வரிசை வைத்து என்னிடம் வந்தன.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனிப் பாதைகளில் போகும். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும். என் வண்டியில், பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, பாதையும் ஒன்றே. காற்றழுத்தம் உண்டு, ஆனால் அது பிரேக்கைப் பிடிப்பதில்லை. கால் கொடுக்கும் அழுத்தத்தை ஏர்பேக் என்ற உருளை வழியாகப் பெருக்கித் தருகிறது, அவ்வளவே. (விபத்தில் உப்பும் பை இல்லை இது. ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.) ஆகவே ஆறு சக்கரத்தில் ஏதோ ஒன்றில் ஒரு சின்ன ரப்பர் கப் கிழிந்தால் ஆறும் போச்சு. ஹேண்ட் பிரேக் மட்டும் தனி. அது, இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது, ஆயில் சம்பந்தமே இல்லை. அன்றைக்குச் சுவரைக் காப்பாற்றியது அதுதான்.

ஒழுகியது கடைசி அச்சின் இடது பக்கம். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மின் உள்விளிம்பில் ஈரம். திறந்து பார்க்கலாம் என்று வெளி நட்டைத் தளர்த்த முழு எடையையும் கம்பியில் போட்டேன். டக். நட்டோடு, அது ஏறியிருந்த மரையாணியான ஸ்டட்டும் முறிந்து வந்தது. இந்த வண்டியில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் தளரும். நான் தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டட் முனையில் 'எல்' என்று ஓர் எழுத்து கொட்டை கொட்டையாகப் பொறித்திருந்தது. துருவைத் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சக்கரத்தைக் கழற்றினால் டிரம் கையோடு வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. டிரம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கு உள்பக்கமாக மாட்டியிருக்கிறது. பிரேக்கைப் பார்க்க வேண்டுமென்றால் அச்சுத்தண்டை உருவி, எண்கோண நட்டு இரண்டையும் கழற்றி, பேரிங்கோடு ஹப்பையே இழுக்க வேண்டும். அந்த நட்டுக்கு மூன்று அங்குல எட்டுமுனை சாக்கெட் தேவை. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியும் கழற்றலாம். எனக்கு முன்னால் யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள், நட்டின் முனையெல்லாம் கடித்த மாதிரி இருந்தது. தனியாளாக ஹப்பை இழுப்பதற்கு ஒரு வழி உண்டு. டயர்களைக் கழற்றாமலே, தரையிலிருந்து மயிரிழை மட்டும் தூக்கி அச்சுக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயருக்குக் கீழே கிரீஸ் பூசிய தகட்டைச் செருகினால், மொத்தமும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கும்பிடு போடலாம்.

உள்ளே இரண்டு தப்பு ஒரே இடத்தில். ஆயில் அழுத்தத்தால் பிரேக்கை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகியது ஒன்று. அச்சு எண்ணெயைத் தடுக்கும் சீலும் போய், அந்த எண்ணெய் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு, டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங்கில் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் போடவில்லை. ஒன்று இப்படி என்றால் மற்ற ஐந்தும் அதே வயசுதானே? ஆறு சிலிண்டர், ஆறு சக்கரத்து சீல்கள், எல்லா பிரேக் ஹோஸும் வாங்கினேன். பழைய ஹோஸ் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளியே புதுசு போல இருந்தது, உள்ளே துவாரம் உப்பி அடைத்துக்கொண்டிருந்தது. மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் ஏன் சூடாகிறது என்று ஆறு மாதமாகப் பேரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிரேக் ஆயிலில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஊதா நிற சிலிகான் ஆயில், டாட் 5. சாதாரண டாட் 3, டாட் 4 எதையும் இதோடு கலக்கக் கூடாது. சிலிகான் தண்ணீரை உறிஞ்சாது என்பது நல்லதுதான். ஆனால் எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் அதனாலேயே தனியாகப் பிரிந்து, தாழ்வான வீல் சிலிண்டரில் தேங்கிக் குழி விழ வைக்கும். என் பழைய சிலிண்டரில் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. புட்டியைக் குலுக்கவும் கூடாது. நுண்ணிய குமிழி ஏறிவிட்டால் இறங்க நேரமாகும்.

ஏர் எடுக்க, அதாவது ஆயில் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். மேலே என் மனைவி, கீழே நான். முதலில் ஏர்பேக், பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து வரிசையாக.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"விடாதே… ம், இப்போ விடு."

ஆறு சக்கரம் முடிவதற்குள் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நான்காவது சக்கரத்தில், "என்னங்க, இந்த வண்டியை ஓட்டுன நேரத்தைவிட நான் மிதிச்ச நேரம்தான் ஜாஸ்தி" என்றாள். கணக்குப் பார்ப்பவனாலும் மறுக்க முடியவில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வண்டிக்கு 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. ரேடியோவுக்கென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தேன். ஒரே வருஷத்தில் ஒன்று குறையாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜாகி, இரண்டையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வோல்டேஜைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் போடுங்கள். மற்றபடி வயரிங் தங்கம். ஒவ்வொரு வயரிலும் எண் பொறித்த உலோகப் பட்டை இருக்கிறது. ராணுவக் கையேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். வண்டியைப் பார்த்தே இராத ஒரு இளம் சிப்பாய்க்காக எழுதிய கையேடு. எனக்கும் அந்த அளவுதான் தெரியும் என்பதால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது பெடல் மேலேயே கல்லு மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு தடவை கிளப்பும் முன்னாலும், காற்று ஏறியபின் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்க்கிறேன். பிறகு டார்ச்சோடு ஆறு சக்கரத்தையும் உள்பக்கமாகப் பார்த்து வருகிறேன். போன ஞாயிறு நடு அச்சில் வலது பக்கம் ஒரு மெல்லிய எண்ணெய்க் கோடு. துடைத்துவிட்டுச் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். எட்டுமுனை சாக்கெட்டை இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை.