பீகானேர் குளிரில் கம்பு: நாட்குறிப்பு

டிசம்பர் 16

காலையில் ஆறு டிகிரி. அப்பா குல்லாவைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். அவருடைய டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

டிசம்பர் 17

கீழ் வீட்டு மாஜி ஒரு கிண்ணம் கீச் கொடுத்துவிட்டார். கம்பும் நரிப்பயறும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. மேலே நெய் குளம் கட்டி நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார். "கம்பு குளுமை தாயி. மார்கழியில எவனாவது கம்மஞ்சோறு திம்பானா? நெஞ்சுல சளி கட்டிக்கும்." மாஜியோ, கம்பு உடம்புக்குச் சூடு, குளிர் போனால் இங்கே அதைக் குறைத்துக்கொள்வோம் என்கிறார். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். அப்பா தொடவில்லை. நான்தான் சாப்பிட்டேன், நின்றுகொண்டே.

டிசம்பர் 18

நானே செய்து பார்த்தேன். குத்துவதற்குச் சோம்பல்பட்டு முழுக் கம்பை அப்படியே குக்கரில் போட்டேன். உமி தொண்டையில் ஒட்டி அப்பாவுக்கு அரை மணி நேரம் இருமல். எனக்கு வேண்டும்.

டிசம்பர் 19

அப்பாவின் எடை 51.4 கிலோ. போன வாரம் 52.

டிசம்பர் 20

ரிசல்ட் வரவில்லை. மாஜியிடம் போய் உட்கார்ந்தேன். கம்பில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசறி, துணி போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தார். அப்புறம் உரல். மணி உடையலாம், மாவாகக் கூடாது. தோல் மட்டும் கழல வேண்டும். புடைக்கச் சொல்லி முறத்தை என்னிடம் கொடுத்தார். நான் புடைத்ததில் பாதிக் கம்பு முற்றத்தில்.

வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் முறத்தை வாங்கினார். நாலு தட்டு. சாம்பல் நிற உமி தனியாகப் பறந்தது. ஐந்தாவது தட்டில் கை நடுங்கியது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "புதுக் கம்பு. எப்ப அறுத்தாங்களாம், கேளு" என்றார்.

கேட்டேன். முதல் மழைக்கு விதைப்பு, ஐப்பசி வாக்கில் அறுப்பு. கம்பும் நரிப்பயறும் ஒரே நிலத்தில் கலந்து விதைப்பதும் உண்டாம். "நமக்குப் புரட்டாசி விதைப்பு. தையிலதான் கருது வீடு வரும். அப்புறம் கோடைதான். அதான் கூழு. இவங்களுக்குக் குளிருக்கு முன்னாலயே வந்துருது." இவ்வளவு பேசி ஒரு மாதம் இருக்கும்.

டிசம்பர் 21

குத்திய கம்பு ஒரு டம்ளர், பயறு கால் டம்ளர், தண்ணீர் ஆறு. சீரகம், பெருங்காயம், உப்பு. எட்டு விசில். திறந்து, மத்தால் மசித்து, இன்னும் கால் மணி நேரம் சிறு தீயில் கிண்டினேன். கொப்பளித்துக் கையில் தெறித்தது.

ஆறு கரண்டி சாப்பிட்டார். எண்ணினேன்.

டிசம்பர் 22

மூன்று கரண்டி.

டிசம்பர் 23

ரிசல்ட் பற்றிப் போன் வந்தது. 26 அன்று நேரில் வாருங்கள் என்றார்கள். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லிவிட மாட்டார்களா? எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிறார் இவர். எல்லோரிடமுமா? அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக இருந்தது. அவள் குரலே அப்படியோ என்னவோ. மதுரைக்கு நேராகப் போவது வாரத்தில் ஒரே ஒரு ரயில். டிக்கெட் போடுவதா வேண்டாமா?

பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

டிசம்பர் 24

மிஞ்சியதில் காலையில் பால் ஊற்றிச் சாப்பிடுவது இங்கே வழக்கம். அப்பா மோர் கேட்டார். சளி பிடிக்காதா என்றேன். முறைத்தார். பெரிய வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு முழுக் கிண்ணமும் காலி. "இப்பத்தான் கம்பு மாதிரி இருக்கு."

இதை மாஜியிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 25

51.6. தராசு சரியாகத்தான் இருக்கிறதா என்று அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 26

நாலரைக்கே எழுந்துவிட்டேன். உரல் சத்தம் கேட்டு அப்பா விழித்துவிடக் கூடாது என்று ராத்திரியே குத்தி வைத்திருந்தேன். ஹாட்பேக்கில் எடுத்துக்கொண்டாயிற்று. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். மோர் எடுத்தியா என்று கேட்கிறார். ஆட்டோ வந்துவிட்டது.