ஓடைக்கு அந்தப் பக்கம்

ஜெர்மனியில் மோட்லராய்ட் என்றொரு சின்னஞ்சிறு கிராமம். மொத்தமே ஐம்பது பேர்தான் இருப்பார்கள். ஊர் நடுவே டான்பாக் என்ற ஓடை, தாவிக் கடந்துவிடலாம், அவ்வளவு சிறியது. 1810-இல் அந்த ஓடையை பவேரியாவுக்கும் ராய்ஸ் சிற்றரசுக்கும் எல்லையாக்கினார்கள். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஒரே பள்ளி, ஒரே சாராயக்கடை என்று சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அந்தக் கோடு கனத்தது. ஒரு கரை அமெரிக்கர் வசம், மறு கரை சோவியத் வசம். 1952-இல் பலகை வேலி, 1966-இல் 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர். அமெரிக்க வீரர்கள் வைத்த பெயர், குட்டி பெர்லின். சோவியத் பக்கமான கிழக்கு ஜெர்மனிக் கரையில் இருப்பவர் எதிர்க்கரை உறவினரைப் பார்த்துக் கையசைக்கக்கூடத் தடை! இதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. கூப்பிடு தூரத்தில் அண்ணன் வீடு, கை தூக்கக் கூடாது என்றால்?

1989 டிசம்பர் 9-இல் சுவரில் வழி திறந்தது. கொஞ்சம் சுவரை அருங்காட்சியகத்துக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அப்புறம், இன்றும் ஊர் பவேரியா, தூரிங்கியா என்று இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது: இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள். பவேரியக் கரையில் ‘க்ரூஸ் கோட்’, தூரிங்கியா கரையில் ‘கூட்டன் டாக்’ என்று வணக்கம் சொல்கிறார்கள்.