மூக்கையூர் வானத்தில் ஹபிள்

மூக்கையூர் கடற்கரையில் இருட்டுக்குப் பஞ்சமே இல்லை. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, மினுங்காத ஒரு புள்ளி மேற்கிலிருந்து நகர்ந்து வந்தது. ஹபிள்! 1990-இல் ஏவிய விண்வெளித் தொலைநோக்கி, இன்னும் பூமியைச் சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று போடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 28.5 பாகைக்கு மேல் வடக்கே ஏறாது. அதனால் நம்ம ஊருக்கு உச்சந்தலைக்கு மேலேயே வரும், லண்டன்காரருக்கு அடிவானத்தில்கூடக் கிடையாது. (இதிலாவது நமக்கு யோகம்!) கிழக்கே இறங்கும்போது பூமியின் நிழலுக்குள் நுழைந்து சட்டென்று அணைந்தது.

"அப்போ ஜேம்ஸ் வெப் எப்ப மாப்ள வரும்?"

வராது மச்சான். அதுவும் விண்வெளித் தொலைநோக்கிதான், ஆனால் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, நிலாவைப் போல நாலு மடங்கு தூரத்தில், நம்மோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது.

அப்புறம் பைனாகுலரை வியாழன் பக்கம் திருப்பினோம். நாலு பெரிய நிலாக்களில் மூன்றுதான் தெரிந்தன. நாலாவது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும்.