பொதிகையில் கடைசி ஐந்து ஓவர்

மார்ச் முதல் வாரத்தில் தென்காசிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டபோதே 2024 ஜூன் 29 என்ன நாள் என்று எனக்குத் தெரியும். இருபது ஓவர் உலகக்கோப்பை அட்டவணை ஜனவரியிலேயே வந்துவிட்டது. அன்று இறுதிப்போட்டி, பார்படாஸில். தெரிந்தேதான் போட்டேன். 2023 நவம்பர் 19 இரவு எனக்கு இன்னும் ஆறவில்லை. வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு அகமதாபாத்தில் உலகக்கோப்பை ஃபைனலைக் கோட்டைவிட்ட நம் இந்தியக் கூட்டம் இது. இவர்கள் இன்னொரு ஃபைனலுக்குப் போவார்களாம், அதற்காக நான் குற்றால சீசனை விடுவேனாம்!

போய்விட்டார்கள். அரையிறுதியில் இங்கிலாந்தை 68 ரன் வித்தியாசத்தில் அடித்துப்போட்டுவிட்டு ஃபைனலுக்குப் போய்விட்டார்கள். டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சாரல் அடிக்கிற நேரத்தில் பொதிகையில் கன்ஃபர்ம் ஆன ஸ்லீப்பர் டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறவனை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முழு சார்ஜில் போன், கூடவே ஒரு பவர் பேங்க், இந்த இரண்டையும் நம்பி எழும்பூருக்குக் கிளம்பினேன்.

எட்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தபோது பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். எதிரணி தென்னாப்பிரிக்கா. யான்சனின் முதல் ஓவரிலேயே கோலி மூன்று பவுண்டரி. பக்கத்தில் நின்ற போர்ட்டர் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து "இன்னைக்கு நம்மதுதான்" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் மகராஜ் ஒரே ஓவரில் ரோஹித்தையும் பண்ட்டையும் அனுப்பினார். போர்ட்டர் ஒன்றும் பேசாமல் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். சூர்யாவும் போய் 34 ரன்னுக்கு மூன்று விக்கெட். அக்சர் படேலை முன்னாலேயே இறக்கியிருந்தார்கள். அவரும் கோலியும் ஏதோ ஒட்டுவேலை செய்துகொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தது.

எங்கள் பெட்டி வண்டியின் வாலில் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும். எதிர் லோயர் பெர்த்தில் கடையநல்லூர் போகிற ஒரு அண்ணாச்சி, அறுபதைத் தாண்டியவர். மிடிலும் அப்பரும் இரண்டு கல்லூரிப் பையன்களுக்கு. தாம்பரத்தில் ஒரு அக்கா மூன்று பைகளோடு ஏறி சைடு லோயரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு "சீட்டு கிடைச்சிருச்சு, நல்லா இருக்கேன்" என்றார். எதிர்முனையில் இருந்தது அவருடைய பத்து வயது மகன். அம்மா எந்தப் பெட்டியில் ஏறினாள் என்பதெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம்.

"அக்சர் சிக்ஸாம்," என்றார் அக்கா எங்களைப் பார்த்து.

எங்கள் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பித்திருந்தார்.

போனில் ஓடும் நேரலை எப்போதும் டிவிக்குப் பின்னால்தான் வரும். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சிலதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டும். ஓடுகிற ரயிலில் அந்த இடைவெளி இன்னும் நீளும். என் போன் ஒரு கணக்கு, பையன்களின் போன் ஒரு கணக்கு, தாம்பரத்து வீட்டு டிவி எங்கள் எல்லோருக்கும் முன்னால். ஆக எங்கள் எதிர்காலம் மொத்தமும் அந்த அக்காவின் காதில் இருந்தது. பையன்கள் கெஞ்சினார்கள். "அக்கா, ப்ளீஸ், சொல்லாதீங்க." அவரும் சரி என்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் முகத்தை என்ன செய்வது? அக்சர் 47-இல் ரன் அவுட் ஆனதை அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதிலேயே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

கோலியை அன்று நான் திட்டாத திட்டில்லை. அரைசதம் அடிக்க 48 பந்து. "யாருக்காக ஆடுறான் இவன்?" என்று சத்தமாகவே கேட்டேன். செங்கல்பட்டு நெருங்கும்போது 59 பந்தில் 76 எடுத்து ஆட்டமிழந்தார், இந்தியா 176. பேசியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு கட்டிவந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

சேஸிங்கில் என் கண்ணால் முழுசாக, தடங்கலில்லாமல் பார்த்த பந்து ஒன்று உண்டு. பும்ரா ஹெண்ட்ரிக்ஸுக்குப் போட்டது. உள்ளே வருவது போலத்தான் தெரிந்தது, பிட்ச் ஆனதும் வெளியே நழுவி ஆஃப் ஸ்டம்ப்பின் தலையை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. மட்டை சரியான இடத்தில்தான் இருந்தது, பந்துதான் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு, கையளவு திரையில் பார்படாஸின் பட்டப்பகல் வெயில். அங்கே காலை பத்தரைக்குத்தான் ஆட்டமே தொடங்கியிருந்தது. அடுத்து அர்ஷ்தீப் மார்க்ரமைத் தூக்கினார், 12 ரன்னுக்கு இரண்டு விக்கெட். பையன்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

பத்து மணி தாண்டியது. சட்டப்படி மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டிப் படுக்கலாம். மாட்ட வேண்டியவனே கீழே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. பெட்டியில் விளக்கணைந்து, நீல நைட் லாம்பு மட்டும் எரிந்தது. டி காக்கும் ஸ்டப்ஸும் நிதானமாகத் திருப்பிக் கட்டினார்கள். பிறகு கிளாசன் வந்தார். அவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அக்சரின் ஒரு ஓவரில் 24 ரன். விழுப்புரத்தில் வண்டி நின்றபோது கணக்கு இப்படி இருந்தது: 30 பந்து, 30 ரன், கையில் ஆறு விக்கெட்.

பிளாட்பாரத்தில் இறங்கித் தண்ணீர் பிடித்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தொங்கிப்போன ஒரு முகம். எங்கிருந்தும் ஒரு சத்தமில்லை. திரும்பி வந்தபோது அண்ணாச்சி மட்டும்தான் தெம்பாக இருந்தார்.

"தம்பி, 99 உலகக்கோப்பைல, பர்மிங்ஹாம்ல, இந்த தென்னாப்பிரிக்காவுக்கு என்ன நடந்துச்சு தெரியும்லா? ஒத்த ரன்னுதான் வேணும், பந்து கெடக்கு. க்ளூஸ்னர் ஓடி வாரான், இந்தப் பக்கம் டொனால்டு மட்டையக் கீழ போட்டுட்டு முழிக்கான். கைக்கு வந்தத விடுததுல அவனுவள அடிச்சுக்க ஆளு கெடையாது."

"அது இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி அண்ணாச்சி."

"ரத்தம் ஒண்ணுதானல."

இந்த மாதிரி ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த நேரத்தில் வேறு எதை நம்புவது என்று தெரியவில்லை.

விழுப்புரம் தாண்டினால் விருத்தாசலம் தடம். பாதை பிரிந்ததும் டவரும் விட்டுவிட்டுத்தான் வந்தது. பும்ராவின் ஓவரில் நான்கே ரன் என்பது வரை பார்த்தோம். பிறகு திரையில் பண்ட் தரையில் உட்கார்ந்திருக்க, பிசியோ முழங்காலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். படம் அப்படியே நின்றிருந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன், ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன். உண்மையில் நெட் சரியாகத்தான் இருந்தது, ஆட்டம்தான் நின்றிருந்தது. கிளாசனின் வேகத்தைக் குலைக்கத்தான் பண்ட் அன்று நேரம் கடத்தினார் என்று சில மாதம் கழித்து ரோஹித் ஒரு டிவி நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிரவு அதன் அருமை தெரியாமல் போனைக் குலுக்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு நிஜமாகவே நெட் போனது. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பையன்களின் போனிலும் அதே வட்டம். நான்கு பேரும் ஒரே சமயத்தில் சைடு லோயர் பக்கம் திரும்பினோம்.

"இப்ப சொல்லலாமா?" என்றார் அக்கா.

"சொல்லுங்கக்கா!"

"கிளாசன் அவுட்டாம். அப்பவே."

டேட்டா செத்தாலும் சாதாரண கால் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. அக்கா லவுட் ஸ்பீக்கரில் போட்டு, பெர்த்தின் நடுவில் போனைச் சாமி படம் மாதிரி நிறுத்தி வைத்தார். பக்கத்துத் தடுப்பிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். உலகக்கோப்பையின் கடைசி மூன்று ஓவர் எங்களுக்கு ஒரு பத்து வயதுப் பையனின் குரலில்தான் கிடைத்தது.

நல்ல வர்ணனையாளன் என்று சொல்ல முடியாது. பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் யார், எதுவும் வராது. "ஐயோ", "அம்மா", "போச்சு", இந்த மூன்றிலிருந்து நாங்களாகவே ஆட்டத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். "ஸ்டம்ப் பறந்துருச்சு!" என்று கத்தினான். யாருடையது என்று கேட்டால் "நெட்டையா இருப்பான்ல, அவன்!" யான்சன். அந்த ஓவரில் பும்ரா இரண்டே ரன் கொடுத்திருந்தார். அர்ஷ்தீப் நான்கு. கடைசி ஓவரில் 16 வேண்டும், எதிரில் மில்லர், பந்து பாண்டியாவின் கையில்.

"பாண்டியா ஓடி வரான்மா... ஃபுல் டாஸ்மா! தூக்கிட்டான்! சிக்ஸ்... சிக்ஸ் போகுதும்மா..."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"சூர்யா! பிடிச்சிட்டான்! ஐயோ கோட்டத் தாண்டுறான்... பால மேல தூக்கிப் போட்டுட்டான்மா... வெளிய போய்ட்டு திரும்ப உள்ள வந்து..."

டொய்ங் என்று ஒரு சத்தம். கால் கட்.

ஒரு வாக்கியம் பாதியில் நின்றதற்காக அத்தனை பேர் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. உள்ளே வந்து? உள்ளே வந்து என்ன ஆனது? அக்கா திரும்பத் திரும்ப அழுத்தினார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மிக அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லைக்கு வெளியே! பையன்களில் ஒருவன் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்ப் போனை வானத்துக்குக் காட்டினான். வெளியே கருவேலமரங்கள் ஓடின, ஒரு வெளிச்சப்புள்ளி கிடையாது. ரயில் அவ்வளவு வேகமாகப் போனதும் இல்லை, அவ்வளவு மெதுவாகப் போனதும் இல்லை.

எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. முதலில் அது தண்டவாளச் சத்தம் என்றுதான் நினைத்தேன். முன்னால், இன்ஜின் பக்கத்திலிருந்து, மெல்லிசாக ஒரு இரைச்சல். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளம். முன் பெட்டிகள் டவர் எல்லைக்குள் நுழைந்துவிட்டன, நாங்கள் இன்னும் இருட்டுக்குள் இருந்தோம். இரைச்சல் பெட்டி பெட்டியாகப் பின்னால் நகர்ந்து வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத தூரத்திலிருந்து, ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி, கைதட்டலாக, விசிலாக. அடுத்த பெட்டியில் யாரோ தகரத்தில் அடித்தார்கள். அப்புறம்தான் என் கையிலிருந்த போன் நடுங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக இருபது முப்பது மெசேஜ். நான் எதையும் திறக்கவில்லை, திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏழு ரன். அண்ணாச்சி எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நான் சொன்னேம்லா?" என்று எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டார். டிடிஇ வந்து "தூங்குறவங்க இருக்காங்க" என்றார். யாரும் தூங்கவில்லை. கோலி, ரோஹித் இருவரும் இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி அதற்கப்புறம்தான் வந்தது. திட்டியது கொஞ்சம் உறுத்தியது. மிடில் பெர்த் ஒருவழியாக மேலே ஏறியது.

சங்கரன்கோவில் தாண்டிக் கண் விழித்தேன். மேற்கே மலையின் தலை தெரியவில்லை, மேகம் முக்கால்வாசியை மூடியிருந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றில் ஈரம். பேரருவியில் தண்ணீர் எப்படி என்று பையன்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பைகளைக் கட்டி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த கேட்ச் உங்க போன்ல இருக்குமா? என் போன்ல நெட்டு போடல."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் எல்லோருக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் அன்றிரவு ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை.

போட்டுக் காட்டினேன். மில்லரின் மட்டையிலிருந்து பந்து உயரே போகிறது. லாங் ஆஃபில் சூர்யா எல்லைக் கயிற்றை ஒட்டி ஓடிவருகிறார், பிடிக்கிறார், கால் நிற்காமல் வெளியே இழுக்கிறது, பந்தை மேலே எறிகிறார். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். பந்து ஆகாயத்தில் நின்றது.

"இந்த எடத்துலதான் போன் கட்டாச்சு," என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இப்ப விடுங்க."