பழைய வள்ளத்துக்குப் பாய் கட்டிய கதை

2022இல் இலங்கையில் வள்ள எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது எங்கள் வள்ளமும் கிளிநொச்சி மாவட்டத்து இரணைமாதாநகர்க் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பெரியப்பா காலத்தில் பாயில்தானே எதிரே கடலில் இருக்கும் இரணைதீவுக்குப் போய் வந்தார்கள், ஒருமுறை முயன்று பார்த்தால் என்ன என்ற எண்ணம் அப்போது பிடித்தது. விலை பிறகு இறங்கியும் அது விடவில்லை.

பாய் தைப்பது பெரிய வேலையில்லை. பழைய லொறி மூடும் படங்கை (தார்ப்பாய்) முக்கோணமாக வெட்டி, ஓரம் முழுக்க நைலோன் கயிறு வைத்துச் சாக்கூசியால் தைத்தேன். பாயை விரித்துப் பிடிக்கும் பருமலுக்கு மூங்கில். பெருமையோடு சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) இறக்கினால், வள்ளம் ஓடத்தான் செய்தது, ஆனால் நண்டு மாதிரி! அணியம், அதாவது முன்பக்கம், தீவைப் பார்த்து நிற்கிறது, நாங்களோ கரையோர ஊரான வலைப்பாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் நின்ற கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு சறுக்குகிறோம் என்று தெரிந்தது. பாயை இழுத்துக் கட்டினேன், தளர்த்தினேன், பருமலைச் சாய்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை.

"பாயில பிழை இல்லைத் தம்பி, அடி தட்டையா இருக்கு, தண்ணியில பிடிப்பில்லை" என்றார் பெரியப்பா. எஞ்சினுக்கென்று வார்த்த வள்ளம், பக்கவாட்டில் சறுக்காமல் தண்ணீரைப் பிடிக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆழமான ஏரா கிடையாது. அவர் சொன்னபடி ஐந்தடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு பலகையை வெட்டி, மேல்நுனியில் துளையிட்டு, வள்ளத்தின் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்டேன். காற்று வரும் பக்கத்தில் இல்லை, அதற்கு மறுபக்கத்தில். அங்கே விட்டால்தான் வள்ளம் சறுக்கச் சறுக்கத் தண்ணீரே பலகையை உடம்போடு ஒட்ட அழுத்திப் பிடிக்கும். இறக்கிய சில நிமிடங்களில் பலகை கைக்குள் மெல்ல அதிரத் தொடங்கியது, பனையும் கோபுரமும் முன்போல விலகவில்லை. அந்த அதிர்வுக்காகவே இந்த வேலையைத் திரும்பச் செய்யலாம்.

மூன்றாம் முறை விடிய வெளிக்கிட்டோம், வெயில் ஏற ஏறச் சோளகம் உரக்கும் என்பதால். எஞ்சினில் போவதைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தது. 1992இல் இடம்பெயர்ந்த சனம் 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் போய் இறங்கிய தீவு. மாதா கோயில் பக்கம் போய் ஒதுங்கினோம். கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீர்தான், சாதாளையில் (கடற்புல்லில்) பலகை உரசியதும் தூக்கிவிட்டோம். எடுத்துவிடக்கூடிய பலகையாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அடியோடு ஒட்டிய ஏரா என்றால் தூரத்திலேயே தரைதட்டியிருக்கும்.

திரும்பும்போது என் பிழை. போகையில் காற்று இடப்பக்கம், பலகை வலப்பக்கம். வரும்போது மாற்ற மறந்துவிட்டேன். தண்ணீர் பலகையை வெளியே பிடுங்கி, கயிறு அறுந்து, அது தனியே மிதந்து போக, எஞ்சினைப் போட்டுத் துரத்திப் பிடித்தோம். பெரியப்பா கரை வரும்வரை பேசவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார்.

துளையோரம் வெடித்திருக்கிறது. இரும்புப் பட்டை அடிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பலகை வைத்துவிட்டு, வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) பிறக்குமுன் கரையோர ஊரான கிராஞ்சி வரை ஓடிப் பார்க்கிறேன்.