அடிபட்டா டாக்டர்கிட்ட நீயே பேசு தம்பி

சிங்கப்பூர்லேந்து லீவுல தண்டையார்பேட்டை வந்திருக்கேன், அங்க வேலைக்கு எடுக்கற ஸ்கில் டெஸ்ட் அடிச்சுட்டு கெளம்பக் காத்திருக்கற பசங்க ரெண்டு மூணு பேரு தினமும் வந்து பேசறாங்க. பேசிக் எவ்ளோ, ஓவர்டைம் எவ்ளோ, ரூம்ல எத்தன பேருன்னு எல்லாம் கேக்கறாங்க. அடிபட்டா என்ன பண்றதுன்னும் கேளுங்கப்பா, அத நானே சொல்லிடறேன்.

இங்க காய்ச்சல்னா ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி ஓ.பி. சீட்டு வாங்கி வரிசைல நின்னுடுவோம், எங்க வேல பாக்கறேன்னு கேட்டு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அங்க போன புதுசுல எனக்குப் பழகவே முடியாம இருந்தது இதுதான், அங்க வேல பாக்கற அனுமதியான வொர்க் பெர்மிட்டும் கம்பெனி கைல, தங்கற எடமும் கம்பெனி கைல, அடிபட்டா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதும் அதே கம்பெனி ஆளு. ஏஜென்ட்டுக்குக் குடுக்க அம்மா நகைய அடகு வச்சிருக்கும், அது மனசுல இருக்கறப்ப எவன் வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லுவான்?

எங்க சைட்ல ஒரு அண்ணன், புதுக்கோட்டைப் பக்கம், ஸ்காஃபோல்டிங் பைப் கை மேல விழுந்துடுச்சு. சூப்பர்வைசர் கிளினிக்குக் கூட்டிட்டுப் போயி, டாக்டர் கேட்டதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல அவரே பதில் சொல்லி ரூம்ல வழுக்கி விழுந்தாருன்னு எழுத வச்சிட்டாரு, அண்ணனுக்கு அது புரியவே இல்ல, தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துட்டாரு. வீக்கம் கொறையல, அப்பறம் ரூம்ல இருந்தவங்களே அவர பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், அங்க தமிழ் பேசற நர்ஸ் ஒருத்தங்க உக்கார வச்சு எங்க எப்படின்னு பொறுமையா கேட்டாங்க, அப்பதான் வேலை எடத்துல நடந்ததுன்னு பேப்பர்ல ஏறுச்சு. எக்ஸ்ரேல எலும்பு விரிசல். அந்த ஒரு வரி மாறினதாலதான் அவருக்கு நஷ்டஈடு கேட்டு கிளெய்மே போட முடிஞ்சுது.

சட்டம் அங்க நல்லாவே இருக்கு, அத நான் மறைக்க மாட்டேன். வேலைல அடிபட்டா தப்பு யார் மேலன்னு பாக்காம மருத்துவச் செலவ கம்பெனி ஏத்துக்கணும், அதுக்கு ஒரு வரம்பு இருக்கு. டாக்டர் எம்சி, அதான் மெடிக்கல் லீவு சீட்டு, குடுத்தா 14 நாள் வரைக்கும், ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா 60 நாள் வரைக்கும் முழு சம்பளம், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரைக்கும். அடிபட்டத கம்பெனி சொல்லலன்னா நீயே எம்ஓஎம்ல, அதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுல, கிளெய்ம் போடலாம், அடிபட்ட நாள்லேந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். சாதாரண நோய்க்கு அட்மிட் ஆனா பெர்மிட்காரங்களுக்கு இன்சூரன்ஸ் முன்னாடி வருஷத்துக்கு 15,000 டாலர்தான், 2023 ஜூலைலேந்து குறைஞ்சது 60,000. 2022 ஏப்ரல்லேந்து டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதில, இருக்கறவங்களுக்கு கிளினிக் பிளான் இருக்கு, நேர்ல போனா 5 டாலர் கட்டினா போதும். ஹெல்த்சர்வ்னு ஒரு அமைப்பு 2006லேந்து நம்ம மாதிரி ஆளுங்களுக்காகவே வைத்தியம் பாக்கறாங்க, மனசு ஒடஞ்சு போனவங்களும் அங்க பேசலாம், வெக்கப்படாதீங்க.

இவ்ளோ இருந்தும் அந்த அண்ணன் கை அப்படி வீங்கிக் கெடந்துச்சு, ஏன்னா டாக்டருக்கும் அவருக்கும் நடுவுல சம்பளம் குடுக்கறவனோட ஆளு நின்னான். அத மாத்தணும். அடிபட்டு வர்றவன்கிட்ட தமிழ்லயோ பெங்காலிலயோ தனியா கேக்க எல்லா கிளினிக்லயும் ஒரு ஆள் இருக்கணும், போன்லயாவது இருக்கணும், சூப்பர்வைசர் வெளிய நிக்கணும். இங்க சென்னைல டெஸ்டுக்கு ட்ரெய்னிங் குடுக்கற சென்டர்லயும் வெல்டிங் சொல்லித் தர்றப்பவே இதையும் ஒரு மணி நேரம் சொல்லித் தரலாம், பசங்க எவ்ளோ காசு கட்டறாங்க.

அதுவரைக்கும் தம்பிங்களா, 'ஐ காட் ஹர்ட் அட் வொர்க்', அதாவது வேல எடத்துல அடிபட்டுச்சுன்னு, இந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணிக்கோங்க, டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அடிபட்ட எடம், எம்சி, மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாத்தயும் போட்டோ எடுத்து அன்னிக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, கூட பாத்தவங்க நம்பரையும் சேத்து. அம்மா பயப்படும்னு மறைக்காதீங்க, போன் தொலஞ்சா அந்தப் பேப்பர் அவங்ககிட்டதான் இருக்கும்.